கேட்டுக் கேட்டு விளக்கணைத்த தில்லையம்பலம் அண்ணைக்கு

இருளில் வந்தோர்க்கு இருக்கை காட்டிய இன்முகத்தீர்! வரிசை தப்பியோரை வசையின்றி வழிநடத்திய வள்ளலே! வால்தம்ஸ்டோ மயூரம் திரையரங்கின் வாசலில் பத்தொன்பது ஆண்டுகள் வாட்டமின்றி நின்ற எங்கள் தில்லையம்பலம் அண்ணையே! பணிவான வணக்கம்.

ஜெர்மனியிலிருந்து ஒரு பெட்டியும் இரு பிள்ளைகளுமாய் வந்திறங்கி, மூன்றாம் வாரமே எம் அரங்கின் ரோச் லைற்றைக் கையிலெடுத்தவர் நீங்கள். படம் தொடங்கிய பின் பட்டாளமாய் வருவோரையும், பொப்கோர்னைப் படிகளில் பரப்புவோரையும், கதாநாயகன் தோன்றும் கணத்தில் கதிரைமேல் ஏறுவோரையும் கடிந்து பேசாமல் காத்த பொறுமைக் கடலே! தேநீர் ஆறிப்போனால் அந்தக் கடலும் பொங்கும் என்பது தின்பண்டக் கவுண்டரில் நிற்கும் இம்மாகுலேற்றாகிய எனக்குத் தெரியும். உங்கள் ஓய்வு விழாவில் வாசிக்கும் இம்மடலை எழுதும் வேலையை எல்லோரும் என் தலையில் கட்டிவிட்டார்கள். ஆகவே, எல்லோரும் பேசத் தயங்குவதையும் நானே எழுதுகிறேன்.

புதன்கிழமைப் பகல் காட்சிக்கு மனோர் பார்க்கிலிருந்து மரியநாயகி அம்மா வருவார். தனியாக வாழ்ந்தவர், பில் ஏறுமென்று வீட்டில் ஹீற்றர் போடப் பயந்தவர். படம் முடிந்ததும் கடைசி வரிசையிலேயே கண்ணயர்ந்துவிடுவார். அடுத்த காட்சிவரை அவரை எவரும் எழுப்பக்கூடாது என்பது நீங்கள் போட்ட சட்டம். அவர் நன்றாக உறங்கட்டும் என்று விளக்கையும் அணைத்து, கதவை ஓசையின்றிச் சாத்துவீர்கள். முதலாளிக்குத் தெரியாத அந்தக் கருணையை நாங்களும் கண்டும் காணாமல் இருந்தோம்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், ஒரு மாசி மாதப் புதன்கிழமை, அப்படி அணைத்த விளக்கை நீங்கள் மீண்டும் போட்டபோது அவர் எழும்பவில்லை. உயிர் எப்போது பிரிந்தது என்று மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உயிர் துடித்துக்கொண்டிருந்த ஒருத்தியையா இருட்டில் விட்டுவிட்டேன் என்ற கேள்வி அன்றிலிருந்து உங்களை அரித்தது. நீங்கள் மெலிந்துபோனதைப் பார்த்து நாங்கள் கலங்கினோம்.

அதன்பின் எந்தக் காட்சி முடிந்தாலும், ஆளற்ற அரங்கின் பின்கதவில் நின்று, "அம்மா, லைற்றை நிப்பாட்டட்டோ?" என்று கேட்டுவிட்டே சுவிச்சில் கைவைத்தீர்கள். முதுகுக்குப் பின்னால் நாங்கள் சிரித்தோம். அதற்கு இச்சபையில் மன்னிப்புக் கேட்கிறோம். உங்கள் கண் ஒப்பரேஷன் வாரத்தில் உங்களுக்குப் பதிலாக நின்ற விதுஷா கேட்காமலே விளக்கை அணைத்தார். கடைசி வரிசையிலிருந்து, உறக்கம் கலைந்த குரலொன்று வந்தது: "தில்லையம்பலம் வரேல்லையோ, பிள்ளை?"

விதுஷா அலறிக்கொண்டு ஓடிவர, எல்லா விளக்குகளையும் போட்டுப் பார்த்தோம். கதிரைகள் எல்லாம் தாமாக மடிந்திருந்தன. கடைசி வரிசையில் ஒன்று மட்டும் ஆளின்றி விரிந்து கிடந்தது. அதைத் தொட்டுப் பார்த்த டிக்கெற் கவுண்டர் சுஜீத், இளஞ்சூடாக இருந்தது என்று இன்றும் சொல்கிறார்.

உங்களுக்கு இதைச் சொல்ல எங்களுக்குத் துணிவு வரவில்லை. நீங்களோ ஓய்வை இருமுறை தள்ளிப்போட்டீர்கள். ஏனென்று கேட்டால், "நான் போனால் ஆர் கேக்கிறது?" என்றீர்கள். உங்கள் கவலை தீரட்டும், இனி நாமே கேட்போம் என்று எண்ணி, நேற்றுப் பகல் காட்சிக்குப் பின் நான் பின்கதவில் நின்றேன். நீங்கள் கேட்கும் அதே சொற்களில் கேட்டேன்.

மறுமொழி வந்தது, அண்ணை. கேட்டபடியே எழுதுகிறேன்: "படம் ஓடேக்கையே என்ரை சீவன் போயிட்டுது, பிள்ளை. அவன் ஒவ்வொரு நாளும் வந்து கேக்கிறான். ஓம் எண்டுறன், அவனுக்குக் கேக்குதில்லை. மறுமொழி சொல்லாமல் போகவும் ஏலாமல் கிடக்கு."

அன்பின் அண்ணையே! அவரை நீங்கள் இருட்டில் விடவில்லை. அன்பினால்தான் ஆறு ஆண்டுகள் அமர்த்தி வைத்துவிட்டீர்கள். நோயும் நொடியும் நெருங்காமல், பேரப்பிள்ளைகளின் பேச்சொலி பெருகும் வீட்டில், நல்லுறக்கமும் நல்லுணவுமாய் நெடுங்காலம் நீங்கள் வாழ வேண்டும்! அதற்கு முன் ஒரேயொரு விண்ணப்பம். இந்த விழா முடிந்து நாங்கள் வெளியே போனதும், இவ்வரங்கின் விளக்கை நீங்களே அணையுங்கள். இன்றைக்கு எதுவும் கேட்காதீர்கள். அம்மா வீட்டுக்குப் போகட்டும்.

உங்களை வாசலில் எதிர்பார்த்து நிற்கும்,
இம்மாகுலேற், விதுஷா, சுஜீத் மற்றும்
மயூரம் திரையரங்கு ஊழியர்கள்,
வால்தம்ஸ்டோ, லண்டன்.