ஷோகேஸுக்கு வாங்கிய அளவுச்சாடி

“பீக்கர நெருப்பில வைக்காட்டிக் குடியா முழுகிப் போகும், டீச்சர்?”

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்த ஹாஜியார்தான் இப்படிக் கேட்டார். பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளராம். மடியில் ஒரு பெட்டி, அதற்குள் ஆய்வுகூடத்துக்கு வாங்கிய புதுச் சாமான்: பிளாஸ்டிக் பீக்கர்களும், திரவம் அளக்கும் கண்ணாடி அளவுச்சாடியும். அடுத்த வரிசையில் அதே பள்ளிக்கூடத்து விஞ்ஞான டீச்சர்.

“தண்ணி கொதிக்கிறதப் புள்ளயளுக்கு எதுல காட்டுற? பிளாஸ்டிக் பீக்கர ஸ்பிரிட் விளக்குல வெச்சா உருகி ஒழுகும். காசு பத்தாட்டி அளவுச்சாடிய பிளாஸ்டிக்ல எடுங்க, பீக்கர மட்டும் சூடு தாங்குற கண்ணாடியில எடுங்க எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனே.”

“கரும்பலகையில கீறிக் காட்டுங்களன்.”

“சோத்தையும் கரும்பலகையில கீறித் தாறன், தின்னுங்க.”

ஹாஜியாருக்கு ரோசம் வந்துவிட்டது. “அளவுச்சாடிதான் உசரமா, வடிவா இரிக்கி. புதுக் கட்டிடத் திறப்பு விழாவுக்கு வாறவங்க ஷோகேஸுல அதத்தானே பாப்பாங்க? அதான் அத நல்ல கண்ணாடியில எடுத்த.”

“மாப்புள ஊட்டுக்காரருக்குப் பீங்கான் கோப்பை காட்டுற மாதிரி.”

“சும்மா கதைக்காதீங்க டீச்சர். பக்கத்தூர் ஸ்கூல்ல வாங்கின கண்ணாடிச் சாமான்ல பாதி உடைஞ்சிட்டு. நம்மட ஸ்கூல்ல, அல்ஹம்துலில்லாஹ், இண்டைக்கு வரைக்கும் ஒண்டும் உடையல்ல.”

நிந்தவூர் வந்தது. டீச்சர் எழுந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னார்.

“ஓம் ஹாஜியார். அங்க புள்ளயள் படிக்குதுகள், அதான் உடையுது.”