சுருங்கிய தமனியின் சீறலைச் செவிமடுத்த மருத்துவர் லியாவ் சூ-யின் அவர்களுக்கு

மழையை மாலையாய்ச் சூடிய கீலுங் துறைமுகத்தின் மாண்புறு மருத்துவரே, முகில் கவிந்த இம்மருத்துவமனையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக முகம் சுளிக்காது பணியாற்றிய பெருந்தகையே, குருதிக் குழாய்ப் பிரிவின் குன்றா விளக்கே, வணக்கம்.

தங்கள் பெருமைகளை வரிசையாகச் சொன்னால், பாதியிலேயே எழுந்து எல்லோருக்கும் தேநீர் ஊற்றப் போய்விடுவீர்கள் என்பதை அறிவோம். ஆகவே ஒரே ஒருத்திக்கு நேர்ந்ததை மட்டும் சொல்லி அமைகிறோம். அவள் இந்தப் பிரிவுபசார விழாவின் முன்வரிசையில்தான் இருக்கிறாள். அவளைக் கேட்டுக்கொண்டே இதை எழுதினோம்.

யூ வான்-சிங், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவள். உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் அமர்ந்து, சரக்குப் பெட்டிகளை மூடுபனிக்குள்ளிருந்து உருவியெடுத்துக் கப்பலில் இறக்குவாள். பல நாள் கீழே கடல் தெரியாது, மேலே வானமும் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் தான் மட்டும் மிதப்பதாக அவளுக்குத் தோன்றும். அந்த மிதப்புக்காகவே அந்த வேலையை அவள் நேசித்தாள்.

முப்பது வயதில் ஓயாத தலைவலியோடு அவளுடைய இரத்த அழுத்தம் இருநூறைத் தாண்டியது. மூன்று வகை மாத்திரை விழுங்கியும் இறங்கவில்லை. அழுத்தம் அடங்கிய பிறகு வா என்று துறைமுகத்தார் அவளைக் கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். வீட்டில் மாமியார் சூப்புக் கிண்ணத்தை அவள் முன்னால் வைத்துக்கொண்டே சொன்னார்: "அந்தரத்துல தொங்கிக்கிட்டே இருந்தா ரத்தம் தலைக்கு ஏறாம வேற எங்க போகும்?" போன இடத்து மருத்துவர்களோ, மருந்தை ஒழுங்காக உண்பதில்லை என்றே எழுதினார்கள். கேட்டுக் கேட்டு, மாத்திரையை விழுங்கினோமா இல்லையா என்று அவளுக்கே ஐயம் வந்துவிட்டது.

அந்த நிலையில்தான் தங்கள் முன் வந்து உட்கார்ந்தாள். யாரும் கேட்குமுன்பே சொன்னாள்.

"நான் மாத்திரை சாப்பிடறேன் டாக்டர். சத்தியமா."

"சாப்பிடறேதானே? அப்ப தப்பு உன் மேல இல்ல. படு, எங்க இருக்குன்னு பாக்கலாம்."

இரைச்சல் அடங்கட்டும் என்று குளிர்சாதனத்தை நிறுத்தச் சொன்னீர்கள். தொப்புளுக்குச் சற்று மேலே கேட்புக் குழலை வைத்துக் கண்களை மூடிக்கொண்டீர்கள். சன்னலில் மழை வழிந்தது. அறையில் அசைவில்லை. படுத்திருந்தவளுக்கும் கண் சொக்கியது. டாக்டர் தூங்கிவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டாளாம்.

"உள்ள ஏதோ சீறுது," என்றீர்கள் கண் திறக்காமலே. "குறுகின மடையில தண்ணி பாயற மாதிரி. நீயும் கேளு."

குழலை அவள் காதில் மாட்டினீர்கள். நாடித் துடிப்போடு சேர்ந்து மெல்லிய சீறல் ஒன்று எழுந்து அடங்கியது. கண்ணீர் அவள் காதோரமாக வழிந்தது. ஒருவரும் நம்பாத நோய் இதோ, காதால் கேட்கக் கூடியதாக இருந்தது.

பின்பு நிகழ்ந்தவை தங்கள் தேர்ச்சிக்குச் சான்று. சிறுநீரகத்துக்குப் போகும் தமனி சுருங்கினால், தனக்குக் குருதி போதவில்லை என்று சிறுநீரகம் மயங்கி, உடல் முழுவதன் அழுத்தத்தையும் ஏற்றிவிடும். சாயம் செலுத்தி எடுத்த படத்தில் வான்-சிங்கின் இரு தமனிகளும் பாசிமணி கோத்தாற்போல இறுகியும் புடைத்தும் தெரிந்தன. தொடை வழியே கம்பியைச் செலுத்தி, சிறு பலூனை ஊதி அவற்றை விரிக்க முடிவு செய்தீர்கள். அவளுக்கு மயக்க மருந்து கொடுக்கவில்லை. முதுகு வலித்தால் உடனே சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டீர்கள்.

இடப்பக்கம் எளிதாக விரிந்தது. வலப்பக்கத்தில் பலூன் விரிய விரிய, முதுகில் கத்தி இறங்குவதுபோல இருந்தது அவளுக்கு. சொன்னால் நிறுத்திவிடுவார்களே என்று வாய் திறக்கவில்லை. தாங்களோ திரையை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தீர்கள். பலூனைத் தளர்த்தினீர்கள்.

"பல்லைக் கடிக்கறியா?"

"இல்ல டாக்டர்."

"பொய் சொல்லாத. நீ வலிய மறைச்சா, நான் கண்ணைக் கட்டிக்கிட்டு ஊதற மாதிரி. குழாய் கிழிஞ்சா சிறுநீரகமே போயிடும்."

"பாதியில விட்டீங்கன்னா எனக்குக் கிரேன் போயிடும்."

"பெட்டி காத்துல ஆடினா நீ என்ன பண்ணுவே?"

"ஆட்டம் நிக்கற வரைக்கும் காத்திருப்பேன்."

"நானும் காத்திருக்கேன். உன்ன விட்டுட்டு எங்கயும் போகல."

தமனி மீண்டும் சுருங்காதிருக்க உள்ளே ஸ்டென்ட் எனும் உலோகச் சுருளை வைத்து அன்றே முடித்துவிடலாம் என்றனர் உடனிருந்தோர். சின்ன வயசு, குழாய்ச் சுவர் தானாக ஆறட்டும் என்று சொல்லி, வலப்பக்கத்தை அரைகுறையாகவே விட்டு வெளியே வந்தீர்கள். மறுநாள் காலை வான்-சிங் விழித்தபோது தலை வலிக்கவில்லை. ஏதோ ஒன்று குறைகிறதே என்று நெடுநேரம் படுத்திருந்தாள். பிறகுதான் அது வலி என்று புரிந்தது. சில மாதங்கள் கழித்து வலத்தமனியையும் நிதானமாக விரித்தீர்கள். ஒரே ஒரு மாத்திரையோடு அவள் மீண்டும் மூடுபனிக்குள் ஏறினாள்.

தாங்கள் ஓய்வு பெறுவது தெரிந்து சென்ற வாரம் ஓடி வந்தாள். "திரும்பச் சுருங்கினா நான் யார்கிட்ட போவேன்?" என்று கேட்டாள். சுருங்காது என்று தாங்கள் பொய் சொல்லவில்லை. அவளைப் படுக்க வைத்து, எங்கள் எல்லோரையும் அழைத்து, ஒருவர் பின் ஒருவராக அவள் வயிற்றில் குழல் வைத்துக் கேட்கச் சொன்னீர்கள். ஓசை ஏதுமில்லை. "இந்த அமைதிய ஞாபகம் வச்சுக்கங்க. மாறினா உங்களுக்குத் தெரியணும்," என்றீர்கள்.

பெருந்தகையீர், ஞாபகம் வைத்திருக்கிறோம். நோயின்றி, நிறைந்த உறக்கத்தோடு, நெடுங்காலம் வாழ்க. அடுத்த மாதம் வான்-சிங்குக்குப் பரிசோதனை. அன்று குளிர்சாதனத்தை நாங்கள் நிறுத்துவோம்.

தங்கள் அன்பில் என்றும்,
குருதிக் குழாய்ப் பிரிவின் மருத்துவர்கள், செவிலியர், ஊழியர்கள்
கீலுங்