புள்ளி நாலு ஆறு

– இல்ல மேடம், இந்தப் பொண்ணுக்கு அஞ்சு மார்க் போயே ஆகணும். கம்பி அளக்குற சோதனை எட்டுப் பேருக்கு விழுந்துச்சு. ஏழு பேர் விட்டம் புள்ளி மூணு எட்டு மில்லிமீட்டர்னு எழுதியிருக்காங்க. இவ ஒருத்தி மட்டும் புள்ளி நாலு ஆறு.

– நல்லாப் படிக்கிற பொண்ணு சார் அது. பதட்டத்துல தப்பா எடுத்திருப்பா. கொஞ்சம் பாத்துப் போடுங்க.

– எக்ஸாமினரா எந்த ஸ்கூலுக்குப் போனாலும் இதையேதான் சொல்றாங்க. பாத்துப் போடுங்க, பாத்துப் போடுங்கன்னு. பாத்துப் பாத்து கண்ணே பூத்துப் போச்சு. இந்த வாரம் இது நாலாவது ஸ்கூல்.

– அந்த அஞ்சு மார்க்குல அவளுக்குக் காலேஜ் சீட்டே கைநழுவிப் போயிடும் சார். வீட்ல முதல் முதலா காலேஜ் வாசப்படி ஏறப் போறவ.

– என்ன பண்றது மேடம். எல்லாப் பேப்பருக்குப் பின்னாலயும் ஒரு வீடு இருக்கு.

– டீ சொல்லட்டுமா சார்?

– ஏற்கெனவே அஞ்சு டீ ஆச்சு. வயிறு டீக்கடையாட்டம் இருக்கு. அது கிடக்கட்டும், இங்க பாருங்க. ஆறு இடத்துல அளந்திருக்கா. நாப்பத்தொம்பது, நாப்பத்தெட்டு, அம்பது, அப்புறம் மூணு தடவை நாப்பத்தொம்பது. ஸ்க்ரூ கேஜ் சும்மா மூடினாலே காட்டுற மூணு கோடு, அந்த ஜீரோ எரரையும் கழிச்சிருக்கா. பதட்டம்னா ஒரு இடத்துல சறுக்கும், ரெண்டு இடத்துல சறுக்கும். ஆறு இடத்துலயும் ஒரே மாதிரியா சறுக்கும்?

– விடுங்க சார். காலையிலேர்ந்து நின்னுட்டே இருக்கோம். கால் ரெண்டும் எனக்குச் சொந்தம் இல்லாத மாதிரி இருக்கு.

– ஒரு நிமிஷம் மேடம். அவ எந்த கேஜ்ல அளந்தா?

– ரெண்டாம் நம்பர். அண்ணே, அந்த ஸ்க்ரூ கேஜைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. கம்பியும் ஒரு துண்டு.

– எல்லாத்தையும் தொடச்சுப் பெட்டியில வச்சிட்டேனே டீச்சர்! நாலரைக்கு லேபைப் பூட்டி சாவிய ஆபீஸ்ல குடுக்கலன்னா அங்க ஒரு பாட்டு கேக்கணும்.

– அந்தப் பாட்டை நான் கேட்டுக்குறேண்ணே. எடுங்க.

– இந்தாங்க.

– நீங்களே அளங்க மேடம், இந்தப் பொடிக் கோடெல்லாம் என் கண்ணுக்குப் பிடிபடாது. முதல்ல கம்பி வைக்காம மூடிப் பாருங்க.

– மூணு கோடு தள்ளி நிக்குது. ஜீரோ எரர் அவ எழுதினது சரிதான் சார்.

– இப்பக் கம்பிய வைங்க. பின்னாடி முனையைப் பிடிச்சு மெதுவா. டக்கு டக்குன்னு சத்தம் வந்ததும் நிறுத்திடுங்க. ஆங். எவ்ளோ?

– இருங்க சார், வேற இடத்துல வச்சுப் பாக்குறேன்.

– முதல் இடத்துல எவ்ளோன்னு சொல்லுங்க.

– நாப்பத்தொம்பது.

– இப்ப?

– இப்பவும் நாப்பத்தொம்பது.

– மூணு போனா நாப்பத்தாறு. புள்ளி நாலு ஆறு.

– அண்ணே, இது நம்ம பழைய கம்பிதானே?

– பழசு எங்க டீச்சர் இருக்கு? வளைச்சு வளைச்சு முறிஞ்சு போச்சு. நேத்துதான் புதுச் சுருள் வாங்கி வந்து வெட்டி வச்சேன். ஏன், மாத்தியிருக்கக் கூடாதா?

– உங்க மேல ஒண்ணும் தப்பில்லண்ணே.

– அப்ப இந்த ஏழு பேரும் எதை அளந்தாங்க மேடம்?

– எதையும் அளக்கல சார். வருஷா வருஷம் நான் போர்டுல எழுதிப் போடுற நம்பர்தான் புள்ளி மூணு எட்டு. மனப்பாடம் பண்ணிட்டு வந்து அப்படியே இறக்கி வச்சிருக்காங்க.

– இந்த ஏழுல இவன் கதையைக் கேளுங்க. இவன்கிட்ட இருந்தது மூணாம் நம்பர் கேஜ். அதுல ஜீரோ எரரே கிடையாதுன்னு உங்க லிஸ்ட்லயே இருக்கு. இருந்தாலும் பெரிய மனசு பண்ணி மூணு கழிச்சிருக்கான்.

– சிரிக்காதீங்க சார். நாப்பது பிள்ளைங்க, நாலு கேஜ், நாப்பது நிமிஷம். பத்துப் பேர் கையில எடுக்குறதுக்குள்ள பெல் அடிச்சிடும். நம்பரை எழுதிப் போட்டாதான் ரெக்கார்ட் நோட்டு முடியும். நோட்டு முடிஞ்சாதான் பாடம் நகரும்.

– உங்களைப் பாத்துச் சிரிக்கல மேடம். நானும் கிளாஸ் எடுக்குறவன்தான். என்னையே எடுத்துக்கோங்க. காலையிலேர்ந்து இந்தக் கம்பியத் தொட்டுக்கூடப் பாக்கல. ஏழு பேர் ஒரே பேச்சா பேசினதும் சிவப்புப் பேனாவை எடுத்துட்டேன்.

– அந்த ஏழு பேருக்கும் முட்டை போட்டுடுவீங்களா?

– போட்டா ஏழு வீட்ல சோறு இறங்காது. போடாம விட்டா எனக்கு இறங்காது. நாளைக்கு இன்னொரு பேட்ச் இருக்கில்ல? அதுக்கு முன்னாடி எட்டு மணிக்கு ஏழு பேரையும் வரச் சொல்லுங்க. கண்ணு முன்னாடி அளக்கட்டும். என்ன வருதோ அதுக்கு மார்க்.

– எட்டு மணிக்கா? அப்ப நான் ஏழரைக்கே வந்து திறக்கணுமே டீச்சர்!

– நானும் வந்துடுறேண்ணே. இன்னிக்கு நீங்க கிளம்புங்க, சாவிய நானே குடுத்துடுறேன்.

– சரி டீச்சர். வர்றேன் சார்.

– இந்தப் பொண்ணுக்கு முழு மார்க் மேடம். அது மட்டும் இல்ல, அறிக்கையில ரெண்டு வரி சேத்து எழுதப் போறேன். கூட்டத்தோட போகாம கண்ணால பாத்ததை எழுதுற தைரியத்தை இந்த ஸ்கூல் பிசிக்ஸ் டீச்சர் குடுத்திருக்காங்கன்னு.

– வேணாம் சார்.

– அட, என்ன அடக்கம்? முப்பது வருஷத்துல இப்படி எழுத எனக்கு ஒரு தடவைகூட வாய்ச்சதில்ல. எழுதிட்டுப் போறேனே.

– என்னைப் பத்தி எழுதாதீங்க. மத்தியானம் எழுதிட்டு இருக்கும்போதே என்னைக் கூப்பிட்டா. "மிஸ், எத்தனை தடவை அளந்தாலும் வேற மாதிரிதான் வருது"ன்னா. கண்ணெல்லாம் தண்ணி.

– பாவம். நீங்க என்ன சொல்லித் தேத்தினீங்க?

– மூணு எட்டுன்னு மாத்தி எழுதிடுடின்னு காதுல சொல்லிட்டு வந்தேன் சார். அவதான் மாத்தல.