கண்ணடிச்ச கேஸ்

டாக்டர்: அசையாம உட்காருங்க சார். பேனாவால புள்ளிதான் வைக்கறேன், ஊசி இன்னும் எடுக்கவே இல்ல.

கணவர்: நான் அசையல டாக்டர். கண்ணுதான்...

மனைவி: அதையேதான் நானும் ஊரெல்லாம் சொல்றேன். ஆளு தங்கம், கண்ணு மட்டும்தான் சரியில்ல.

கணவர்: நீ கொஞ்சம் சும்மா இரேன்.

டாக்டர்: இப்ப எனக்கே ஒண்ணு அடிச்சீங்க.

கணவர்: ஐயோ, மன்னிச்சிடுங்க.

டாக்டர்: எனக்குப் பழக்கம். புகார் எப்படி வந்துச்சு? அதைச் சொல்லுங்க.

கணவர்: டிரைவிங் லைசென்ஸுக்கு டெஸ்ட் எடுக்கற வேலை எனக்கு. ஒருத்தர் ரிவர்ஸ்ல வந்து கம்பத்துல இடிச்சாரு. சரியா அந்த நேரம் பார்த்து இந்தக் கண்ணு...

மனைவி: "சார் கண்ணடிச்சிட்டாரு, பாஸ்தான்"னு அந்த ஆளு வெளிய போய் எல்லாருக்கும் மிட்டாய் குடுத்துட்டான்.

கணவர்: நான் ஃபெயில் போட்டேன். கண்ணைக் காட்டி லஞ்சம் எதிர்பார்த்தேன்னு புகார் எழுதிட்டான். அப்புறம் டெஸ்ட்டுக்கு வந்த ஒரு பொண்ணும்...

மனைவி: அந்த இடத்துல மட்டும் குரல் இறங்குது பாருங்க.

கணவர்: நாளைக்கு விசாரணை டாக்டர். இது வியாதிதான்னு நீங்க எழுதிக் குடுத்தா தப்பிச்சேன். இல்லன்னா வேலை போச்சு.

மனைவி: எனக்கும் தெரியணும். வியாதியா, வேற ஏதாவதான்னு. அதுக்குத்தான் லீவு போட்டுட்டுக் கூடவே வந்தேன்.

டாக்டர்: சந்தேகமே வேண்டாம். சார், இந்தக் கண்ணாடியைப் பிடிங்க. கண்ணு மூடும்போது புருவத்தைக் கவனிங்க... இதோ.

கணவர்: மேல போகுது.

டாக்டர்: கண்ணு மூடுது, கூடவே புருவம் ஏறுது. அம்மா, நீங்க வேணும்னே ஒரு கண்ணை அடிங்க.

மனைவி: உங்களைப் பார்த்தா?

டாக்டர்: தாராளமா.

மனைவி: ...எனக்குப் புருவம் கீழ வருதே.

டாக்டர்: எல்லாருக்கும் அப்படித்தான். மூடிக்கிட்டே தூக்கறது எந்த நடிகனாலயும் ஆகாது. ஸ்கேன்லயும் பளிச்சுனு இருக்கு. மூளைக்குப் பக்கத்துல ஒரு ரத்தக்குழாய் முகத்து நரம்பை இடிச்சுக்கிட்டே இருக்கு. மேலேர்ந்து உத்தரவு வராமலே நரம்பு தசைக்கு உத்தரவு போடுது.

கணவர்: ஊசி போட்டா அந்தக் குழாய் நகர்ந்துடுமா?

டாக்டர்: அது ஆபரேஷன். இப்ப தேவையில்ல. ஊசி கடைசி வாசல்ல வேலை செய்யும். நரம்பும் தசையும் ஒட்டிக்கிட்டு இல்ல சார், நடுவுல துளி இடைவெளி. நரம்போட நுனியில ஒரு ரசாயனத்தைக் குட்டிக் குட்டிப் பையில கட்டி வெச்சிருக்கு. சிக்னல் வந்தா பை ஓரத்துக்கு வந்து வாயைத் திறக்கும். சரக்கு அந்தப் பக்கம் போகும்.

மனைவி: அந்தப் பக்கம் யாரு வாங்கறது?

டாக்டர்: நல்ல கேள்வி. அஞ்சு துண்டு வட்டமா நிக்கற ஒரு புரதம். சரக்கு வந்து உட்கார்ந்ததும் நடுவுல ஓட்டை திறக்கும். தசை இழுக்கும், கண்ணு மூடும்.

மனைவி: ஒரு கண்ணடிக்க இவ்வளவு கூத்தா?

கணவர்: பார்த்தியா, நான் எவ்வளவு உழைக்கறேன்னு.

டாக்டர்: பையை ஓரத்துக்கு இழுக்கறது மூணு புரதம். தலைமுடி பின்னற மாதிரி ஒண்ணோட ஒண்ணு முறுக்கி இறுகும். நான் போடற மருந்தும் புரதம்தான். ஒரு பாதி நரம்பைப் பிடிச்சுக்கிட்டு உள்ள நுழைய. இன்னொரு பாதி கத்தரிக்கோல். அந்தப் பின்னல்ல ஒரே ஒரு இழையோட நுனியை நறுக்கிடும்.

மனைவி: நுனி போனா பின்னல் நிக்காதே.

டாக்டர்: அதேதான். பை வராது. நரம்பு எவ்வளவு கத்தினாலும் தசைக்குக் கேக்காது.

மனைவி: எங்க வீட்டுல ஊசி இல்லாமலே அப்படித்தான்.

கணவர்: டாக்டர், உடனே நின்னுடுமா?

டாக்டர்: நாலஞ்சு நாள் ஆகும். அதுவும் நல்லதுக்குத்தான். நாளைக்கு விசாரணையில கண்ணு அடிக்கும்போது புருவம் ஏறறதைக் காட்டுங்க. சில மாசத்துல அந்தப் பின்னல் திரும்பச் சரியாகி கண்ணு மறுபடி அடிக்க ஆரம்பிக்கும், அப்ப வாங்க, மறுபடி போடுவேன். சரி, எழுதிடறேன். இது எப்ப ஆரம்பிச்சது?

கணவர்: ம்... காலேஜ்ல.

டாக்டர்: காலேஜ்லயா?

கணவர்: ஆமா. நடுவுல நின்னுடுச்சு. இப்பத் திரும்ப...

டாக்டர்: சார், காலேஜ்லேர்ந்து இருந்தா இந்நேரம் கன்னத்தைத் தாண்டி வாய் வரைக்கும் இழுத்திருக்கணும். உங்களுக்குக் கண்ணோட நிக்குது. ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்காது.

கணவர்: இல்ல டாக்டர், காலேஜ்னே போடுங்க.

டாக்டர்: போட்டா நாளைக்கு விசாரணையில உட்கார்ந்திருக்கற டாக்டர் சிரிப்பாரு. ஒரு வரி பொய்யா இருந்தா மத்ததையும் பொய்னு சொல்லிடுவாங்க. உங்க வேலைதான் போகும்.

கணவர்: அது... இவ இருக்கும்போது...

டாக்டர்: அம்மா வெளிய இருக்கட்டுமா?

மனைவி: நான் எங்கயும் போகல. நீங்க எழுதுங்க டாக்டர். ரெண்டு வருஷமாதான்.

கணவர்: என்ன சொல்ற நீ?

மனைவி: காலேஜ் கேன்டீன்ல இவரு என்னைப் பார்த்துக் கண்ணடிச்சாரு. நான் பிரின்சிபால்கிட்டப் போயிட்டேன். கூப்பிட்டு விசாரிச்சா, "சார், எனக்கு நரம்பு வியாதி"ன்னு அழாத குறையா சொன்னாரு.

டாக்டர்: அடேங்கப்பா.

மனைவி: அதோட விட்டாரா? அதை நிரூபிக்க வாத்தியார், வாட்ச்மேன், ஒருத்தர் பாக்கி இல்லாம கண்ணடிச்சுக்கிட்டுத் திரிஞ்சாரு. நானும் போய் மன்னிப்புக் கேட்டேன். பேசினோம், பழகினோம், கல்யாணம் ஆச்சு. ஆனதும் வியாதி போன இடம் தெரியல. கேட்டா, எல்லாம் உன் கைராசின்னாரு.

கணவர்: நீ... நம்பினியே.

மனைவி: நம்பின மாதிரி இருந்தேன். அன்னிக்குப் புருவம் ஏறல. வாய் ஓரத்துல ஒரு சிரிப்பு வேற.

டாக்டர்: சார், உங்க மொகம் வெளிறுது. அதுக்கு என்கிட்ட ஊசி இல்ல.

கணவர்: இத்தனை வருஷமா தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கலயே நீ.

மனைவி: இந்த ரெண்டு வருஷமாதான் பயந்தேன். அந்தப் பழைய வித்தையை யார்கிட்டயோ காட்டறீங்களோன்னு. ராத்திரி தூக்கம் வரல. இப்ப டாக்டர் சொல்லிட்டாங்க. இனி உங்களை யாரு என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கறேன். நாளைக்கு நானும் வரேன்.

டாக்டர்: ரெண்டு வருஷம்னு எழுதிட்டேன். கண்ணை மூடுங்க சார், ஊசி போடறேன்.

கணவர்: ஒரு நிமிஷம் டாக்டர்... வேணும்னுதான் அடிச்சேன்னு தெரிஞ்சும் நீயே வந்து மன்னிப்புக் கேட்டியே, கோபமே இல்லன்னா எதுக்குடி பிரின்சிபால் வரைக்கும் போன? என்னைக் காலேஜை விட்டே துரத்தியிருந்தா?

மனைவி: அவ்வளவு பெரிய காலேஜ்ல, நீங்க யாரு, பேரு என்ன, எந்த கிளாஸுன்னு நான் வாயைத் திறந்து யார்கிட்டக் கேப்பேன்? புகார் குடுத்தேன், மறுநாளே தேடிப் பிடிச்சு என் முன்னாடி நிறுத்திட்டாங்க.