பூட்டு மட்டும் மாத்த வேணாம்

ஹலோ... ஹலோ, ஓஸ்வால்ட் அண்ணனா?... கலாசிபாளையம் ஒர்க்‌ஷாப்தானே?... அண்ணே, நான் பெர்னதெத் பேசறேன்... பெர்னதெத்! நோயலோட வைஃப், நீலசந்திரா... ஆமா, ஆமா... கொஞ்சம் அந்தச் சுத்தியல நிறுத்தச் சொல்லுங்கண்ணே, ஒண்ணும் காதுல விழலே... ஆங், இப்ப கேக்குது.

இருக்கேன்ணே, நல்லாதான் இருக்கேன். ஸ்கூல் ஆபீஸ்லேருந்து பேசறேன். சிஸ்டர் பக்கத்துலயே இருக்காங்க, சீக்கிரம் சொல்லிடறேன். நம்ம வீட்டு வண்டி கதவ நீங்க வந்து பலமாக்கித் தரணும்... வீட்டு வண்டிண்ணே! நீங்களும் அவருமா பழைய லாரி மேல கட்டினீங்களே, கட்டில், அடுப்படி எல்லாம் வெச்சி... அதேதான்... எங்கண்ணே ஓட்டறது? சண்டை நேரத்துல பெட்ரோல் கூப்பன் எனக்கு யாரு குடுப்பா? காம்பவுண்டுல நின்னது நின்னபடியே இருக்குது. டயர்ல காத்து கூட இல்ல.

...விக்கறதா? அந்தப் பேச்சே வேணாம். சண்டை முடியட்டும், இதுலயேதான் வேளாங்கண்ணிக்குப் போறோம்னு சொல்லிட்டுப் போயிருக்காரு.

கதவச் சொல்றேன் கேளுங்க. மொதல்ல கீலு. கதவு வெளிய தொறக்குது பாருங்க, அதனால கீலு பூரா வெளியதான் இருக்குது. ஆணியத் தட்டி எடுத்தா பூட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம், கதவே கையோட வந்துடும்... ஆமா, அந்த ஆணித் தலைய அடிச்சி நசுக்கிடுங்க. குறுக்க ஒரு இரும்புப் பட்டை... சரி. பலகையும் ரொம்ப மெலிசு... தேக்கா? போடுங்க, எவ்வளவு கெட்டியா முடியுமோ போடுங்க. மேல தகடா? அதுவும் அடிங்க. அப்புறம் உள்ளேருந்து போடற மாதிரி பெரிய தாப்பாள் ஒண்ணு...

பூட்டா? இல்லண்ணே, பூட்டு மட்டும் மாத்த வேணாம்... வேணாம்ணே... துருப்பிடிச்சா எண்ணெ விட்டுக்கறேன்... ஐயோ, சொன்னா கேளுங்களேன்! அதுக்கு ரெண்டு சாவி. ஒண்ணு எங்கிட்ட, ஒண்ணு அவருகிட்ட. ஜெபமாலையோட சேத்து கழுத்துல போட்டுக்கிட்டுதானே பட்டாளத்துக்கு ரயிலேறினாரு, நீங்களும்தானே ஸ்டேஷனுக்கு வந்தீங்க! நான் பூட்ட மாத்திட்டா அவரு எப்படித் தொறப்பாரு?

...தெரியும்ணே. சிங்கப்பூர் விழுந்ததுலேருந்து ஒரு வரி இல்ல. காணோம்னு தந்தி வந்துச்சி, அதுவும் எனக்குத் தெரியும். சாமியார் வந்து பூசை வெச்சிடலாமான்னு கேட்டாரு. நான்தான் வேணாம்னேன். செத்தவங்களுக்கு வெக்கிற பூசைய இவருக்கு ஏன் வெக்கணும்?

அண்ணே, இருங்க... உங்க பக்கத்துல யாராவது இருக்காங்களா?... மெதுவாத்தான் பேச முடியும்... அவரு வந்தாருண்ணே.

யாரா? நோயல்தான்!... நான் பாக்கல. பாத்திருந்தா விட்டிருப்பேனா? வியாழக்கெழம காலங்காத்தால, பால் குடுக்கற நஞ்சம்மா பாத்தா. நான் சொம்ப எடுத்துக்கிட்டு வெளிய வரேன், வண்டிய கை காட்டிச் சொல்றா, இப்ப வந்தாரு, பூட்டத் தொறந்தாரு, போனாருன்னு. சொம்பு எங்க விழுந்துச்சின்னு தெரியல. செருப்பு கூட போடாம தெருக்கோடி முட்டும் ஓடினேன்... இல்லண்ணே, ஒருத்தரும் இல்ல.

...மறுபடி அவளக் கேக்கலே. தெரு பூரா பரவிடுமே!

...பைத்தியம் இல்லண்ணே எனக்கு! உள்ள சில சாமான் இல்லதான், ஆனா கதவு ஒடையலே, ஒரு கீறல் இல்ல. சாவி போட்டுத் தொறந்திருக்கு. அந்தச் சாவி வேற யாருகிட்ட இருக்கு சொல்லுங்க?... போலீஸா? நல்லா சொன்னீங்க. பட்டாளத்துலேருந்து தப்பிச்சி வந்திருந்தாருன்னா? புடிச்சி உள்ள போட்டுட மாட்டாங்களா? அதான் எனக்குக் கூட மொகத்தக் காட்டாம போயிருக்காரு. அதுக்குத்தான் உள்தாப்பாள் கேக்கறேன். அடுத்த வாட்டி வந்தா போட்டுக்கிட்டு நிம்மதியா தூங்கட்டும். வேற எவனும் நொழையக் கூடாது, அவரு மட்டும் வரணும்.

...இதோ சிஸ்டர், ஒரே நிமிஷம். தையல் கிளாஸ டோரீன் டீச்சர் பாத்துக்கறாங்க... தேங்க்ஸ் சிஸ்டர்.

சொல்லுங்கண்ணே... என்னென்ன போச்சா? அவரோட ஸ்வெட்டரு. ஸ்டவ்வு. போர்வைங்க. பித்தளைக் குடம்... ஆமா, குடமும்தான்... எனக்கென்ன தெரியும், தண்ணிக்கு வேணும்னு எடுத்திருப்பாரு.

...கல்யாண போட்டோவா? அது இருக்குது. சொவத்துல மாட்டினது மாட்டினபடியே இருக்குது... ஃப்ரேம் பெருசுண்ணே, தூக்கிட்டா போக முடியும்?

...சின்ன போட்டோவா? என்னோடதா?... கண்ணாடி ஓரத்துல சொருகியிருந்தது... ம்... அதுவும் இருக்குது.

ஏன் இப்படிக் கேக்கறீங்க?

நஞ்சம்மா சொன்னத அப்படியேவா? கன்னடத்துலயா? நான் வேலூர்க்காரி, எனக்கு அரைகுறைதான் வரும்... சரி இருங்க. "இப்பரு பந்தரு, பீகா தெகெதரு, ஹோதரு." இவ்வளவுதான். பீகான்னா பூட்டு. பந்தருன்னா வந்தாரு. திருட்டுப் பயலா இருந்தா இவ்வளவு மரியாதையா சொல்வாளா?... இப்ப இல்லண்ணே, இப்பரு. அவ அப்படித்தான் இழுத்துப் பேசுவா... என்ன?

...என்ன சொல்றீங்க?

இப்பருன்னா... ரெண்டு பேரா?

நல்லா தெரியுமா உங்களுக்கு?... ஆமா, நீங்க இங்கயே பொறந்தவரு, உங்களுக்குத் தெரியாதா... ரெண்டு பேரு வந்தாங்க. தொறந்தாங்க. போனாங்க... ம்... ம்.

அப்ப சாவி? அவங்களுக்கு ஏதுண்ணே சாவி?... பழைய சாமான் விக்கற குஜ்ரில வாங்கின பூட்டா? எல்லாத்துக்கும் ஒரே சாவியா?... உங்க ஒர்க்‌ஷாப் அலமாரிக்கும் அதே பூட்டா... வேலைய விட்டுப் போன ஆளுங்க ரெண்டு பேரும்... சாவியும் காணோமா... ஓ. அதான் நஞ்சம்மா சத்தம் போடலே. வண்டி கட்ட வந்த உங்க ஆளுங்கதானேன்னு சாதாரணமா சொல்லியிருக்கா.

...அழலண்ணே. உங்கள ஒண்ணும் சொல்லலே, நீங்க வேணும்னா செஞ்சீங்க? குடமும் வேணாம், ஒண்ணும் வேணாம், விடுங்க... அதுக்கில்லண்ணே. வியாழக்கெழமைலேருந்து நான் வயிறாரச் சாப்ட்டேன். எவ்வளவு நாளு கழிச்சி வாய்க்கு ருசி தெரிஞ்சுது தெரியுமா? தெனம் ரெண்டு தோசை கூட சுட்டு வண்டில மூடி வெச்சேன். காலைல பாத்தா அப்படியே இருக்கும். போலீஸுக்குப் பயந்துக்கிட்டு வரலேன்னு நெனச்சி, நான் பாட்டுக்கு மறுபடியும் சுடுவேன்...

ம்... மாத்திடுங்க. பூட்டயும் மாத்திடுங்க. நல்லதா போடுங்க... எனக்கு ஒரு சாவி போதும்.

இல்லல்ல, தாப்பாள் வேணும். எனக்குத்தான். இனிமே ராத்திரில வண்டியிலேயே படுத்துக்கறேன்... வீட்டுல மட்டும் எனக்கு யாரு இருக்கா?... பயம் எல்லாம் ஒண்ணும் இல்ல. அவருகிட்ட இருக்கற சாவி இனிமே சேராது இல்ல? அப்ப தொறந்துவிட உள்ள ஒருத்தி இருக்கணுமே.

...வெச்சிடறேன் சிஸ்டர், ஆச்சு... சரிண்ணே, சனிக்கெழம வாங்க. நான் இருப்பேன்... அண்ணே! அண்ணே, வெச்சிடாதீங்க! அந்தப் பலகை... தேக்கு, தகடு எல்லாம் போடச் சொன்னேனே, அது வேணாம்... வேணாம்ணே, அவ்வளவு கெட்டி வேணாம். இருக்கற மாதிரி மெலிசாவே இருக்கட்டும். தட்டினா உள்ள கேக்கணும்... ஹலோ?... ஓஸ்வால்ட் அண்ணே, கேட்டுச்சா?... ஹலோ...