நான்காவது மொச்சை

மே மாதம் பதிமூன்றாம் தேதி. இரவு பதினொன்றே முக்கால். இத்தாலியில், உம்ப்ரியா பக்கம் ஒரு மலைச்சரிவு. ரோமானியர் போட்ட கல்பாதை ஒன்று, இடிந்த ஊருக்குள் புகுந்து, ஆளில்லாத வயல்களைத் தாண்டி, ஒரு பண்ணைவீட்டின் பின்வாசல் வரை வருகிறது. அந்தப் பாதையில் ஒருவன் செருப்பில்லாமல் நடந்துகொண்டிருக்கிறான்...

ஸ்டைன், கூடாரத்து ஜிப்பை இழுத்து மூடு. மழைச் சாரல் உள்ளே அடிக்கிறது. வேறு காரணம் இல்லை.

அவன் பெயர் யோரிட். எங்கள் நாட்டு ஸ்வோல்லெ ஊரில் சரித்திர வாத்தியார். ரோமானியர் சுட்ட செங்கல் என்றால் கும்பிடு போடும் ரகம். என் தோழி ஃபெம்கெயின் சித்தி மார்லூஸைக் கட்டியவன். இரண்டாம் தாரமாக. முதல் மனைவி ஹெஸ்டர் நோயில் போய்விட்டாள். இரண்டு பிள்ளைகள்... டைஸுக்குப் பன்னிரண்டு வயது, லோட்டெக்கு எட்டு. மார்லூஸ் தன் வீட்டை விற்றுவிட்டு இவர்களோடு வந்து மூன்று வருடம். சமைத்தாள், துவைத்தாள், பள்ளிக்கூடத்துக்கு ரொட்டி கட்டிக் கொடுத்தாள். ஆனாலும் அந்த வீட்டில் தான் யார் என்பது அவளுக்கே தெரியவில்லை. அலமாரியில் ஹெஸ்டரின் கோட்டு அப்படியே தொங்கியது. எடுக்கலாமா என்று கேட்டால், "இப்ப அதுக்கென்ன அவசரம்" என்பான். அந்த மே விடுமுறைக்கு இத்தாலி போனபோதுதான் லோட்டெ முதன்முறையாக, சந்தைக் கூட்டத்தில், தானாக அவள் கையைப் பிடித்தாள். அதை ஃபெம்கெயிடமும் என்னிடமும் மார்லூஸ் இரண்டு தடவை சொன்னாள்.

அந்தச் சந்தையில்தான் யோரிட் கறுப்பு மொச்சை வாங்கினான். ஏனென்றால் அன்றிரவு, பழைய ரோமில், செத்தவர்கள் வீடு திரும்பும் இரவு. குடும்பத் தலைவன் நடுநிசியில் வெறுங்காலோடு நடந்து, திரும்பிப் பார்க்காமல், தோளுக்குப் பின்னால் மொச்சையை எறிவானாம். பின்னால் வரும் ஆவிகள் அதைப் பொறுக்கிக்கொண்டு போய்விடுமாம். இதைக் கேட்டதும் பிள்ளைகள் குதித்தார்கள்.

அவர்கள் வாடகைக்குத் தங்கியிருந்த பண்ணைவீட்டின் சொந்தக்காரி ஓர்னெல்லாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. வாயில் சிகரெட்டோடு சொன்னாள்: "எங்க பக்கம் தலைக்கு ஒண்ணு போடுவாங்க. பேரைச் சொல்லிப் போடணும். பேர் சொன்ன ஆள் வீட்டுக்குள்ள. சொல்லாத ஆள் வெளியில. விளையாட்டுக்குப் பண்றதா இருந்தா பண்ணாதீங்க சார்."

"அப்பா, மார்லூஸுக்கும் ஒண்ணு போடுப்பா," என்றாள் லோட்டெ.

"போடாம இருப்பேனா?" என்று யோரிட் மார்லூஸின் தோளைத் தட்டினான். "நாலு பேர், நாலு மொச்சை."

பிள்ளைகள் விழித்திருக்கப் பார்த்து, பத்து மணிக்கே தூங்கிவிட்டார்கள். மார்லூஸ் மட்டும் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். நிலா இல்லை. அவன் நடப்பது தெரியவில்லை. உள்ளங்கால் கல்லில் ஒட்டிப் பிரியும் சத்தம் மட்டும்... பிறகு, கல்லில் மொச்சை விழுந்தது. டொக்.

"யோரிட்."

டொக். "டைஸ்."

டொக். "லோட்டெ."

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். சின்னப்பிள்ளை மாதிரி காத்திருந்தேன் என்று சொன்னாள். நான்காவது விழக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

டொக்.

"ஹெஸ்டர்."

மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் அவ்வளவு ஆசையாக.

அதன்பிறகு எதுவும் விழவில்லை. அவன் படியேறி வந்தபோது அவள் கேட்டாள். "எனக்கு?"

"நாலு போட்டேனே. எண்ணலையா நீ?"

"பேரும் கேட்டுச்சு யோரிட்."

"இருட்டுல எதையோ கேட்டுட்டு... வந்து படு."

மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எழுந்து உள்ளே போயிருப்பேன் என்றாள். அவன் கொட்டாவி விட்டபடி உள்ளே போனான். இவள் அழுதுகொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

அழுகை ஓய்ந்தபோதுதான் கேட்டது. பாதையில் நடை. வெறுங்கால். யோரிட்டின் நடையை விட லேசானது. நாலு எட்டு வைக்கும், நிற்கும். கல்லில் நகம் உரசும், எதையோ பொறுக்குவது போல. மறுபடி நடை... கற்பூர வாடை வந்தது. கூடவே காய்ந்த ஆரஞ்சுத் தோல். அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கோட்டிலிருந்து வருமே, அதே வாடை.

அவள் முழங்காலைச் சில்லென்று ஏதோ உரசிக்கொண்டு படியேறியது. கதவு மூடிக்கொண்டது. உள்ளிருந்து தாழ் விழுந்தது.

மார்லூஸ் தட்டினாள். கை வீங்கும் வரை தட்டினாள். அடுப்படியில் விளக்கு எரிந்தது. பாத்திரங்கள் அசையும் சத்தம். யோரிட் சிரித்தான். மூன்று வருடத்தில் அவன் அப்படிச் சிரித்து அவள் கேட்டதே இல்லை. நடுவில் லோட்டெ தூக்கக் கலக்கத்தில் பேசினாள். "அம்மா, தண்ணி..."

அதன்பின் அவள் தட்டவில்லை.

விடிந்ததும் யோரிட்டும் பிள்ளைகளும் பைகளோடு வெளியே வந்தார்கள். "டைஸ்," என்று கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. லோட்டெயின் முன்னால் மண்டியிட்டுக் கையை நீட்டினாள். குழந்தை அவளைத் தாண்டிப் போய்க் காரில் ஏறியது. நான் பேயாகிவிட்டேனோ என்று நினைத்தேன் என்றாள். அப்போது ஓர்னெல்லா சன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, "அம்மா, நீங்க போகலையா?" என்று கேட்டாள். அவளுக்கு மார்லூஸ் நன்றாகத்தான் தெரிந்தாள்.

மார்லூஸ் ஓடிப்போய்க் காரின் முன்னால் நின்றாள். யோரிட் நிமிர்ந்தான். அவளைப் பார்த்தான். நேராக, கண்ணுக்குக் கண். பிள்ளைகளுக்குத் தெரியவில்லை, சரி. அவனுக்குத் தெரிந்தது. அவள் அதில் மட்டும் இன்றுவரை மாற்றிப் பேசியதில்லை.

அவன் பார்வையை விலக்கிக்கொண்டான். பக்கத்து இருக்கையின் பக்கம் சாய்ந்து, சீட் பெல்ட்டை நிதானமாக இழுத்து மாட்டினான். பிறகு அவளைச் சுற்றி வண்டியை எடுத்தான். கண்ணாடி வழியே அந்த இருக்கை நன்றாகத் தெரிந்தது. அதில் யாரும் இல்லை.

ஆனால் பெல்ட் தொய்ந்து கிடக்கவில்லை. ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும் அளவுக்கு முன்னால் தள்ளி நின்றது... மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது.