மூன்றாம் கூப்பாடு

சாயங்காலம் ஏழு மணி. போடிமெட்டிலிருந்து ஏலத்தோட்டத்துக்குள் இறங்கும் ஒற்றையடிப் பாதை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. இலைகளிலிருந்து நீர் சொட்டும் சத்தம்... அழுகிய சருகின் வாடை... வேறு எதுவும் இல்லை.

நடந்து வந்தவர் தவசி. என் சிநேகிதன் ராஜாராமுக்குத் தாய்மாமன். இது அவருக்கு நேர்ந்தது. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கணப்பு அணையப் போகிறது.

ஐம்பத்து மூன்றாம் வருஷம். பட்டாளம் கழித்துவிட்ட ஒலிபரப்புக் கருவி ஒன்றைத் தோட்ட முதலாளி ஒருவர் வாங்கி வந்து, மலை உச்சியில் தகரக் கொட்டகை போட்டு வைத்தார். அனுமதி இருந்ததா, யாருக்குத் தெரியும்! கூலியாட்கள் குடியிருந்த லயங்களில் ஆங்காங்கே பாட்டரி ரேடியோ. பட்டாளத்தில் கம்பியில்லாத் தந்தி பழகிய தவசிதான் அந்த நிலையத்துக்கு எல்லாமும். தினமும் பொழுது சாய்ந்ததும் பேசுவார். ஏலக்காய் விலை, மழை நிலவரம், பிறகு பெயர்கள். 'சோலை, உன் தம்பி ராசிங்காபுரத்திலிருந்து வந்திருக்கிறான், மெட்டுக்கு வா' என்பதுபோல.

ஒருவரும் வரவில்லை.

கங்காணி மொக்கச்சாமிதான் காரணம் சொன்னார். "என்னப்பு, வெவரம் இல்லாத ஆளா இருக்கியே! இருட்டுனப்பறம் ஒருக்காப் பேர் சொல்லிக் கூப்புட்டா இந்த மலையில எவன் ஏன்னு கேப்பான்? அது ரெண்டு தரத்துக்கு மேல கூப்புடாது. மனுசன்னா மூணு தரம் கூப்புடணும்."

'அது' என்னவென்று தவசி கேட்கவில்லை. மறுநாளிலிருந்து ஒவ்வொரு பெயரையும் மூன்று தரம் சொன்னார். ஆட்கள் வந்தார்கள்.

மனைவி சுந்தரம்மாள் சிரிப்பாள். "வீட்டுல வாயே தெறக்க மாட்டீக... பொட்டிக்குள்ள மட்டும் என்னா பேச்சு! மலைக்கே கேக்குது."

எட்டு மாதம் ஓடியது.

அன்றைக்கு மழையில் டீசல் இன்ஜின் நின்றுபோனது. ஒலிபரப்பு இல்லை. கொட்டகையைப் பூட்டிவிட்டு வெரசாக இறங்கினார். வீட்டில் சுந்தரம்மாள் தனியாக இருந்தாள். நிறைமாதம்.

தூரத்தில் வீட்டு விளக்கு தெரிந்தது. அப்போது இடப்பக்கம், ஏலச்செடிகளுக்குள்ளிருந்து...

"சுந்தரம்மா..."

தவசி நின்றார். அது அவர் குரல். ரேடியோவின் கரகரப்போடு... அவருடைய குரல்.

நீர் சொட்டும் சத்தம் நின்றுவிட்டது.

"சுந்தரம்மா..."

இரண்டு. 'வராதே' என்று கத்த வாய் திறந்தவர், அப்படியே பொத்திக்கொண்டார். இத்தனை தூரத்தில் எதைக் கத்தினாலும் அவளுக்கு எட்டப்போவது அவர் குரல் மட்டும்தான். அதுவே மூன்றாவது கூப்பாடு ஆகிவிடும்!

ஓடினார். இரண்டு தரத்துக்கு மேல் அது கூப்பிடாது... கூப்பிடாது...

ஆனால் எட்டு மாதமாக, தினமும், அவரே அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

"சுந்தரம்மா..."

கீழே கதவு கிறீச்சிட்டது.

"இந்தா வர்றேன்!"

அவர் போய்ச் சேர்ந்தபோது அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. வாசல் சேற்றில் அவள் காலடிகள் செடிகள் வரை போயிருந்தன. அங்கே முடிந்துபோயிருந்தன. பந்தம் பிடித்து விடியவிடியத் தேடினார்கள்...

நிலையம் அன்றோடு மூடியது. தவசி மலையை விட்டு இறங்கி, போடியில் ஊர்க் கடைசியில் குடியேறினார். போன வருஷம் ஒரு சாயங்காலம் ராஜாராம் அவரைப் பார்க்கப் போயிருந்தான். விளக்கேற்றிய நேரம். மலைப்பக்கமிருந்து ஒரு பெண் குரல்.

"தவசி... தவசி... தவசி..."

ராஜாராம் துள்ளி எழுந்தான். "மாமா... அத்தை குரல்! அத்தை கூப்புடுறாக!"

தவசி தலை நிமிரவில்லை. "உங்க அத்தை ஒருநாளும் எம் பேரைச் சொன்னவ இல்லப்பு" என்றார்.

சொல்லிவிட்டு எழுந்து, செருப்பை மாட்டினார்.